பீருக்கு ஊறப்போட்ட நெல்

நான் காய்ச்சிய முதல் பீரைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ரோஜாச் செடிக்கு ஊற்றினார். என் கண்ணெதிரே ஊற்றவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். ஒரு வாய் குடித்தார், கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். இங்கிலாந்தில் ஒருவர் உங்கள் கைப்பக்குவத்தைச் சுவாரஸ்யம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அங்கே நிற்கக்கூடாது. வீட்டுக்குள் வந்து சன்னல் திரையின் ஓரமாகப் பார்த்தேன். மனிதர் கோப்பையோடு தோட்டத்துக்குப் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று இப்படியும் அப்படியும் திரும்பினார். பிறகு செடியடியில் சாய்த்துவிட்டார். அந்த வருஷம் அந்தச் செடி பூக்கவில்லை.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து மூலையில் ஒரு மரக் கொட்டகை போட்டு, அதில் விதவிதமாக பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம், போலீஸ் வராது. இதை நம்புவதற்கே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கொட்டகைக்குள் அண்டா கொதிக்கும்போதெல்லாம் நான் வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருப்பேன்.

எனக்கு அதுவரை பீரில் இரண்டே ரகம்தான் தெரியும்: கூலிங் உள்ளது, கூலிங் இல்லாதது. எங்கள் பக்கத்து அரசுக் கடையின் கம்பிச் சன்னலில் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவனை கம்பெனி ஆறு மாசம் என்று சொல்லி இங்கிலாந்துக்கு அனுப்பியது. அந்த ஆறு மாசம் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரைப் பழக்கினார். அதன் பங்காளி ஒன்றுக்கு இந்தியாவின் பெயரே உண்டு என்று சொல்லி, "உன் ஊரில் அதை எப்படிக் குடிப்பார்கள்?" என்று ஆசையாகக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

என் பீர் ஏன் செடிக்குப் போனது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கண்ணளவு, கையளவு. எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு எடைபோட்டதை யாரும் பார்த்ததில்லை. அதே தைரியத்தில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவை அள்ளிப் போட்டேன். வேப்பம்பூ ரசம் வைத்துப் பழகிய வம்சம் அல்லவா? வந்தது கஷாயம். பக்கத்து வீட்டுக்காரர் பக்குவமாகச் சொன்னார்: "உனக்குக் கணினி வேலைதானே? பேசாமல் கணினியையே கேட்டுச் செய்யேன்."

அப்படித்தான் அந்த மென்பொருள் என் வீட்டுக்குள் வந்தது. எந்த ரக பீர் வேண்டும் என்று முதலில் சொல்லவேண்டும். பிறகு மால்ட் என்கிற முளைகட்டிக் காயவைத்த தானியத்தில் எந்த ரகம் எத்தனை கிலோ, எந்தப் பூ எத்தனை கிராம், அதை எத்தனை நிமிஷம் கொதிக்க விடுவது, எந்த ஈஸ்ட், எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும். அது உடனே கணக்குப் போட்டு ஐந்து பட்டைகள் காட்டும்: புளிக்கும் முன் அடர்த்தி, புளித்தபின் அடர்த்தி, கசப்பு, நிறம், போதை. அந்த ரகத்துக்கு ஒத்து வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நம் ஊர் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பார், இது ஐந்தோடு நிறுத்திக்கொண்டது. ஓரத்தில் நுரையோடு ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம். மால்ட்டை மாற்ற மாற்ற அதன் நிறம் வெளுக்கும், கறுக்கும்.

நான் அதில் விழுந்துவிட்டேன். ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவன் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்து இன்னொரு மென்பொருள் என் குற்றத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சுகம் இருந்தது. குளிர்காலம் முழுக்கத் திரையில் பீர் காய்ச்சினேன். ஒன்றையும் அடுப்பில் ஏற்றவில்லை. "உன் பீர்கள் பார்க்க அருமையாக இருக்கின்றன, எப்போது குடிக்கலாம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார்.

அந்த ஊரில் வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வசந்த காலத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பீரோடு கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே ஆளாளுக்குத் தங்கள் மாவட்டத்து பார்லி, தங்கள் தாத்தா வயல் பார்லி என்று பேசியதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு மட்டும்தான் வயல் இருக்கிறதா? எழுந்து நின்று, அடுத்த வசந்தத்துக்கு என் அப்பா வயலின் நெல்லை மால்ட் ஆக்கி அதில் பேல் ஏல் காய்ச்சப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும்.

மென்பொருளின் தானியப் பட்டியலில் நெல் மால்ட் இல்லை. 'புதிய தானியம் சேர்' என்று ஒரு பக்கம் மட்டும் இருந்தது. பெயர், ஊர், நிறம், ஒரு கிலோவிலிருந்து எவ்வளவு இனிப்பு இறங்கும் என்று காலிக் கட்டங்கள். பெயரையும் ஊரையும் நிரப்பிவிட்டேன். மற்றதற்கு நெல்லை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்கவேண்டும். ஆவணியில் விடுப்பு எடுத்து ஊருக்குக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு, ஞாபகம் இருந்தால் எங்களிடம் வரும். அப்பா சின்ன வயதில் பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அதே பண்ணையின் ஐந்து மா நிலம் பிறகு விலைக்கு வந்து, என் முதல் வெளிநாட்டுச் சம்பளத்தில் அவர் பெயருக்குப் பத்திரமானது. அந்த நிலத்தில் நான் கால் வைத்தது பத்திரம் முடிந்த அன்று போட்டோ எடுக்கத்தான், அதுவும் ஷூவோடு. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அப்பா மழையைச் சொல்வார், உர விலையைச் சொல்வார், கடைசியில், "எனக்கப்பறம் இந்த அஞ்சு மாவை யாருடா பாப்பா?" என்பார். நான் சிக்னல் சரியில்லை என்பேன்.

வந்த அன்றே பத்தாயத்து ஓரமாக மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தேன். கரண்ட் போவதற்குள் தண்ணீர்ப் பக்கத்தை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம். அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னடா பாக்குற?"

"தண்ணியில என்னென்ன உப்பு இருக்குன்னு கேக்குதுப்பா."

"யாரு கேக்கறா?"

"இந்த சாப்ட்வேர்தான்."

"நம்ம ஊருக்குத் தண்ணி வருமா வராதான்னுதான் நாங்க கேட்டுருக்கோம். வந்த தண்ணியை நிறுத்தி வச்சு, உனக்குள்ள என்ன இருக்குன்னு எவன்டா கேட்டான்?" என்று சொல்லிவிட்டு, திரை ஓரத்து நுரைக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் தன் விதையை ஊறப்போடும்போது, எனக்கு மூன்று மரக்கால் நெல் வேண்டும், நானே ஊறப்போடப் போகிறேன் என்றேன். அப்பாவின் கை அப்படியே நின்றது. எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. இருப்பதிலேயே நல்ல சம்பா விதையாக அளந்து கொடுத்தார். உப்புக் கரைசலில் போட்டுப் பதரை அரித்து எடுக்கக் கற்றுக்கொடுத்தார். "நல்லா அரி, சண்டு இருந்தா நாத்து சொணங்கும்" என்றார். நாற்று எங்கே வரப்போகிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் நெல்லை ஊறப்போட்டு, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விதைக்கப் போகிறான். உலகத்தில் வேறு ஒரு காரணம் இருக்க முடியும் என்பதே ஒருவர் புத்தியிலும் ஏறாது. மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளரை இரண்டு தரம் கழுவினார்.

"லண்டனை விட்டுட்டு வெள்ளாமைக்கே வந்துட்டீங்களாமே! உங்கப்பா சொன்னாரு. நல்ல காரியங்க."

"அதெல்லாம் இல்லண்ணே…"

"அட, வெக்கப்படாதீங்க. எவன் வீட்டுப் புள்ள இந்தக் காலத்துல விதை ஊறப்போடுது?"

டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு மென்பொருள் சோதனையாளனை ஊர் விவசாயி என்று கொண்டாடியது. மறுத்துப் பேசினால் அடக்கம் என்றார்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டான் என்றார்கள். வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு. அப்பாவிடமே சொல்லிவிடலாம் என்று வந்தால், அவர் புது மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். என் உயரத்துக்கு.

அம்மாவிடம் மட்டும் பாதி உண்மையைச் சொன்னேன். "இது விதைக்க இல்லம்மா. மொளை வந்ததும் காய வச்சு எடுத்துட்டுப் போவணும். அங்க ஒரு ஆராய்ச்சி."

அம்மா பதறிப்போனார். "மொளைச்சதைக் காய வைப்பாங்களா யாராச்சும்? சத்தமாப் பேசாத, உங்கப்பா காதுல விழுந்துடப் போவுது. ஒரு வருஷம் ஆத்துல தண்ணி வராம, மொளை கட்டின விதை மூட்டையோட காஞ்சுபோச்சு. நீ அப்ப கைப்புள்ள. சோறு தண்ணி இல்லாம கெடந்தாரு மனுசன். காஞ்ச மொளையைத் தூக்கி வாத்துக்குக் கொட்டினதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்காரு."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கை தட்டிய சங்கத்தை நினைத்தால் அதுவும் கஷ்டமாக இருந்தது. மொட்டை மாடியில் அவர் கண்ணில் படாமல் காயவைத்துவிடலாம், கேட்டால் எலி தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

விதைக்கு வெள்ளை முனை எட்டிப்பார்த்தால் போதும், மால்ட்டுக்கு முளை இன்னும் நீள வேண்டும். அப்பா தன் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய் நாற்றங்காலில் தெளித்துவிட்டு வந்தார். என் மூட்டை மட்டும் வைக்கோலுக்குள் கிடந்தது. அவர் போகும்போதும் வரும்போதும் கையை விட்டுச் சூடு பார்த்தார். "போதும்டா, இதுக்கு மேல விட்டா வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். தெளிக்க வராது" என்றார். இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்றேன். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அடுத்த நாள் நான் தஞ்சாவூருக்குப் போனேன். மால்ட்டை ஊறவைக்கும் வெந்நீர் சரியான சூட்டில் இருக்கவேண்டும், அதற்கு ஒரு நீளமான வெப்பமானி வேண்டும். மெடிக்கல் காலேஜ் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு, பஸ் மாறி வீடு திரும்பினால் வைக்கோல் கலைந்து கிடந்தது. சாக்கு காலியாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா! என் நெல்லு எங்க?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அப்பா எடுத்துட்டுப் போயிட்டாருடா" என்றார்.

வாய்க்கால் கரையோடு ஓடினேன். வரப்பில் டீக்கடைக்காரரோடு இன்னும் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்றங்கால் சேற்றில் அப்பா தலைப்பாகையோடு நின்று, இடுப்புக் கூடையிலிருந்து என் பேல் ஏலை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார். கை வீச்சில் அது விசிறிபோல் விரிந்து சேற்றில் விழுந்தது. என் மால்ட், என் ஐந்து பச்சைப் பட்டைகள், என் வசந்த காலம், எல்லாம் அதோடு விழுந்தன.

"அப்பா! அது…" என்று கத்திவிட்டேன்.

"வாடா வா. இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தா பின்னிக்கிட்டுருக்கும். கடைசி ரெண்டு கை உனக்குன்னு வச்சிருக்கேன். செருப்பைக் கழட்டிட்டு எறங்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெப்பமானியை வைத்துப் பார்த்திருந்தால் அதுவே வெடித்திருக்கும். ஆனால் வரப்பில் நின்றவர்கள் சிரித்த முகத்தோடு எனக்கு வழிவிட்டார்கள். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அப்பா கூடையை என் இடுப்பில் வைத்தார். முதல் கையை வீசினேன். அது மொத்தமாக ஒரே இடத்தில் போய் விழுந்தது. "சாணி அடிக்கிற மாதிரி அடிக்காதடா, கையை விசிறு!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நான் பட்டம் வாங்கிய அன்றுகூட, கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலையில்தான் இருந்தார். இரண்டாவது கை கொஞ்சம் பரவி விழுந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கே ஒரு கர்வம் வந்தது.

இங்கிலாந்துக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தேன். அம்மா ஊறுகாய், பருப்புப் பொடி, வற்றல் இவற்றோடு ஒரு பெரிய பொட்டலம் அவலும் வைத்திருந்தார். மென்பொருளைத் திறந்து, நான் சேர்த்த நெல் மால்ட்டை அழிக்கப் போனபோது பட்டியலில் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. 'ஃப்ளேக்ட் ரைஸ்.' குளிர்காலம் முழுக்க அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அது என்னவென்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கொட்டகையிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து பிரித்தார். அரிசியை வேகவைத்துத் தட்டையாக நசுக்கியது என்றார். அவல்! சாட்சாத் நம் அவல். பார்லி மால்ட்டோடு ஒரு பங்கு சேர்த்தால் பீர் வெளுத்து, லேசாகி, தெளிவாக வரும் என்று நூறு வருஷமாக இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான். கட்டத்தில் அவலைப் போட்டேன். ஐந்தும் பச்சையாயின. கோப்பைப் படம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

அம்மாவின் அவலில் வெள்ளோட்டம் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு, சுவாரஸ்யம் என்று சொல்லவில்லை. கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். ரோஜாச் செடி பிழைத்தது.

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். மழையைச் சொல்லவில்லை, உர விலையைச் சொல்லவில்லை.

"உன் நாத்தைத் தனியாத்தான் நட்டேன். தனியா அறுத்துத் தனியாப் போட்டுருக்கேன். நல்ல வெளைச்சல். வித்துடவா, வச்சிருக்கவா?"

"கொஞ்சம் அவல் இடிச்சு அனுப்புங்கப்பா."

"எவ்வளவு?"

சங்கத்தின் வசந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று மென்பொருளைப் பார்த்தேன். "ஒரு கிலோ போதும்ப்பா."

"ஒரு கிலோவா!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த நொரை டம்ளருக்குத்தானே?"

"எந்த டம்ளருப்பா?" என்றேன்.

"பொட்டியில படம் போட்டு வச்சிருந்தியே. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அம்மாகிட்ட சொல்லல, நீயும் சொல்லாத. நீ காய வைக்கத்தான் ஊறப்போட்டன்னும் தெரியும். அதை அவளே அன்னிக்கே சொல்லிட்டா."

"தெரிஞ்சேவா விதைச்சீங்க? நான் வெள்ளாமைக்கு வந்துட்டேன்னு ஊரெல்லாம் வேற சொன்னீங்களேப்பா?"

"சொன்னேன்." அவருக்குப் பின்னால் எங்கோ கறவை மாடு ஒன்று கத்தியது. "சொல்லிப் பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சுடா."

நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லவில்லை.

"அடுத்த ஆவணிக்கு வா," என்றார் அப்பா. "ரெண்டு மூட்டையா ஊறப்போடுவோம். ஒண்ணை நாம விதைச்சுடுவோம். இன்னொண்ணை நீ மாடில கொண்டுபோய்க் காய வச்சுக்க. நான் ஏறி வந்து பாக்க மாட்டேன்."